கட்டும் உடை, போடும் உடை: பொம்மைகளின் வேனில் ஆடைகளுக்கு ஒரு மதிப்புரை

இவ்வாண்டு வேனிலுக்கென்று விற்பனைக்கு வந்துள்ள பொம்மை உடைகளில் நான்கை வாங்கி, ஒரு மாத காலமாக என் சேகரிப்பிலுள்ள பொம்மைகளுக்கு மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்தேன். அவற்றைப் பற்றிய மதிப்புரை இது. மொழியியல் படித்து, மைசூரில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் ஒருத்திக்கு இது என்ன வேலை என்று துறை நண்பர்கள் கேட்டார்கள். அன்றாடத் தமிழின் ஒரு வினைச்சொல் இந்தச் சிறு உடைகளுக்குள் இடம் மாறுவதைக் கண்ணெதிரே காணக் கிடைத்தது என்பதே அவர்களுக்கு என் விடை.

முதலில் சேகரிப்பைப் பற்றிச் சில சொற்கள். என்னிடம் பார்பி அளவிலான நவீனப் பொம்மைகள் ஆறும், அம்மா வழிப் பாட்டியிடமிருந்து வந்த ஓர் இணை மரப்பாச்சியும் உள்ளன. நவீனப் பொம்மைகளின் உயரம் பதினொன்றரை அங்குலம். மனித உடலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மரப்பாச்சிகள் அவற்றைவிடச் சற்றுக் குள்ளம், பல மடங்கு கனம். ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டவை என்பதால் அவற்றின் கைகள் உடலோடு ஒட்டியே இருக்கும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாங்கிய நான்கும் இவை: பூப்போட்ட கவுன் ஒன்று, இளஞ்சிவப்பு மேல்கோட்டும் கால்சட்டையும் கொண்ட தொகுதி ஒன்று, மடிப்புகள் முன்கூட்டியே தைக்கப்பட்ட புடவை ஒன்று, இங்குள்ள தையற்கார அம்மா ஒருவர் பட்டுக் கட்பீஸில் தைத்துக் கொடுத்த பாவாடை, ரவிக்கை, தாவணி. முதல் மூன்றும் பெட்டியில் வந்தவை. நான்காவது பழைய செய்தித்தாளில் சுற்றி வந்தது.

பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். ரோலான் பார்த் 1967இல் வெளியிட்ட நவநாகரிக உடை அமைப்பு பற்றிய நூலில் உடையை மூன்றாகப் பிரித்தார்: உண்மையில் தைக்கப்பட்ட உடை, படமாகக் காட்டப்படும் உடை, சொல்லாக எழுதப்படும் உடை. அவர் ஆராய்ந்தது மூன்றாவதை. 1958 ஜூன் முதல் 1959 ஜூன் வரையிலான பிரெஞ்சு மகளிர் இதழ்களின் உடைக் குறிப்புகளே அவருடைய தரவு. பருவம், வேளை, இடம் ஆகியவற்றை உடைக்கு ஒட்டவைப்பது அந்தக் குறிப்புகள்தாம் என்று அவர் காட்டினார். அந்த ஓராண்டுக்குள்தான், 1959 மார்ச் 9 அன்று, நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானாள். இதழ்களில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த உடைக்கு ஒரு சிறிய உடல் கிடைத்த ஆண்டு அது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நான் வாங்கிய பெட்டிகளின் மேல் 'ஸ்பிரிங்' என்று அச்சிட்டிருந்தது. மேல்கோட்டு எந்த ஊர் வசந்தத்துக்கு? மைசூரில் மாசி, பங்குனியில் தபேபுயா மரங்கள் இலையுதிர்த்து மஞ்சளாகப் பூத்து நிற்கும்போதே வெயில் ஏறத் தொடங்கிவிடும். யுகாதிக்குப் பிறகு மேல்கோட்டு அணிபவர் எவரும் இங்கில்லை. நம் சொல்லே இதைச் சொல்கிறது. இளவேனில் என்பது இளைய வெம்மை. 'வேனில்' என்பதன் அடியில் வேதல் இருக்கிறது. கன்னடத்தின் 'பேசிகெ'யும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆகவே 'ஸ்பிரிங்' என்ற சொல் இங்கே ஒரு பருவத்தைச் சுட்டவில்லை. வேறு ஊரில் குளிர் விலகும் ஒரு பருவத்தின் உடையைச் சுட்டுகிறது. மேல்கோட்டைப் பற்றி இனிச் சொல்ல அதிகமில்லை: துணி நன்று, பொத்தான்கள் வெறும் ஒப்பனை, கழற்றும்போது பொம்மையின் கட்டைவிரல் உள்துணியில் மாட்டுகிறது.

பூப்போட்ட கவுன் அதனினும் மேல். ஆனால் இங்கே அளவு பற்றிய ஒரு சிக்கலைப் பேச வேண்டும். பொம்மையின் உடலை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம். நூலை அவ்வாறு சுருக்க இயலாது. மனிதருக்கு மெல்லியதாக இருக்கும் பருத்தித் துணி பொம்மைக்கு ஆறு மடங்கு தடித்த கம்பளம். இடுப்பில் ஒரு சுருக்கம், ஒரு மடிப்பு, ஒரு தையல் சேர்ந்தால் அங்கே ஒரு மேடு எழும். பார்பியின் இடை அவ்வளவு சிறுத்திருப்பது ஏன் என்ற விவாதத்தில், 2014இல் அந்நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பிலிருந்த கிம் கல்மோன் கூறிய விளக்கமும் உடையைச் சார்ந்ததே: அந்த உடல் உண்மை உடலைப் போலிருக்க வடிவமைக்கப்பட்டதன்று, குழந்தைகள் எளிதாக உடை மாற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டது என்றார் அவர். அந்த விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி. பொம்மையின் உடலை உடை தீர்மானிக்கிறது என்பது மட்டும் அதில் தெளிவு. இந்தக் கவுனைத் தைத்தவர்கள் பூக்களின் அளவையும் சுருக்கியிருக்கிறார்கள்; இடுப்பில் சுருக்கத்துக்குப் பதிலாக வெட்டிலேயே விரிவு கொடுத்திருக்கிறார்கள். பின்புறம் வெல்க்ரோவுக்குப் பதில் சிறு பிரஸ் பட்டன். நான்கில் இரண்டாம் இடம் இதற்கு.

இனித் தைத்த புடவை. மதிப்புரையின் மையம் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் நீளமும் ஒன்றேகால் கஜ அகலமும் கொண்ட புடவையை ஆறில் ஒன்றாகச் சுருக்கினால் 92 செ.மீ. நீளமும் 19 செ.மீ. அகலமும் வரும். ஒன்பது கஜப் புடவை என்றால் 137 செ.மீ. அவ்வளவு துணியை அந்தச் சிறு இடுப்பில் சுற்றிக் கொசுவம் வைத்தால், மேலே சொன்ன தடிமன் சிக்கலால் வயிறு பருத்துவிடும். எனவே பொம்மைக்குப் புடவை கட்டுவோர் துணியைத் தேர்வதில்தான் திறமையைக் காட்டுவர்: பல முறை துவைத்து இளகிய பழைய வாயில் சேலை, அல்லது மைசூர்ப் பட்டுபோல் வழிந்து விழும் துணி. கொசுவமும் ஏழுக்குப் பதில் மூன்று போதும். கடையில் வாங்கிய புடவை இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறது. கொசுவம் நான்கையும் மடித்து அழுத்தித் தைத்து, முந்தானையைத் தோளில் தைத்து, பின்னிடுப்பில் வெல்க்ரோ வைத்திருக்கிறார்கள். பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. அணிவிக்க ஆகும் நேரம் பத்து நொடி.

பங்குனி விடுமுறைக்கு ஈரோட்டிலிருந்து அக்காவின் மகள் வந்திருந்தாள். வயது ஏழு. அந்தப் புடவையைப் பொம்மைக்கு அணிவித்துவிட்டு, "சித்தி, புடவைய நானே போட்டுவிட்டேன்" என்றாள். மறுநாள் மரப்பாச்சிக்கு வாயில் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, "சித்தி, இது நிக்க மாட்டேங்குது, நீங்க கட்டிவிடுங்க" என்றாள். ஒரே குழந்தை, இரண்டுமே புடவை, இரண்டு வினைகள்.

என் அம்மாவின் பேச்சில் புடவை கட்டப்படும், சட்டை போடப்படும். இதைக் கேட்டவுடன், தைக்காத துணிக்குக் 'கட்டு', தைத்த துணிக்குப் 'போடு' என்று விதி வகுக்கத் தோன்றும். அந்த விதி நிற்காது. தாவணி தைக்காத துணி. ஆயினும் தாவணி போடுகிறோம். தோளில் துண்டும் போடுகிறோம். பாவாடை தைத்த துணி. ஆயினும் பாவாடை கட்டுகிறோம். உண்மையான வேறுபாடு, உடை உடலில் எதனால் நிற்கிறது என்பதில் இருக்கிறது. முடிச்சாலோ, நாடாவாலோ, இடுப்பில் செருகிய செருகலாலோ நிற்பது கட்டப்படுகிறது. மேலே இட்டாலோ நுழைத்தாலோ நின்றுவிடுவது போடப்படுகிறது. வேட்டி, லுங்கி, கோவணம், பாவாடை, புடவை முதல் வகை. சட்டை, துண்டு, தாவணி, கவுன் இரண்டாம் வகை.

ஆகவே என் அக்கா மகள் சொன்னது பிழையன்று. வெல்க்ரோ வைத்த புடவையில் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. அது போடும் உடை. உடை தன் வகையை மாற்றிக்கொண்டது. குழந்தையின் வினை அதைத் துல்லியமாகப் பின்தொடர்ந்தது. இலக்கணம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. போனது வேறு.

என்ன போனது என்பதை அறிய, நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். வீட்டு உரிமையாளரான கன்னட மூதாட்டியை நான் அஜ்ஜி என்றே அழைக்கிறேன். அவரிடம் ஓர் இணை 'பட்டத கொம்பெ' உண்டு. மைசூர் வட்டாரத்தில் திருமணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பும் மரப்பொம்மை இணை அது, அரசனும் அரசியும். நவராத்திரியில் கொலுப்படியின் தலைமை இடம் அவர்களுக்கு. ஆண்டுதோறும் அவர்களுக்குப் புதிதாக உடை உடுத்துவது வீட்டுப் பெண்களின் வேலை. அரண்மனைக்குள் நுழைவோர் முதலில் காணும் 'கொம்பெ தொட்டி'யிலும், நஸர்பாத்தில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் தசராவை ஒட்டி அமைக்கும் 'பொம்பெ மனெ'யிலும் விதவிதமான பொம்மைகளைக் காணலாம்; எனினும் ஒரு வீட்டுக்குள், ஒரு பெட்டிக்குள், பழைய பட்டுத் துண்டுக்கு நடுவே அவர்கள் படுத்திருப்பதைக் காண்பது வேறு.

அஜ்ஜியின் மகள் வெளிநாட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு முழங்கை வலி. எனவே இவ்வாண்டு நவராத்திரிக்கு முன்கூட்டியே, பட்டத கொம்பெக்கென்று தைத்து வரும் உடைத் தொகுதி ஒன்றை இணையத்தில் வாங்கி அனுப்பிவிட்டார். அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அஜ்ஜி என்னிடம் கேட்டார். நான் வாங்கிய தைத்த புடவையும் அதுவும் ஒரே முறையில் ஆனவை. சரியாகத்தான் இருந்தது. "சரியாகத்தான் இருக்கிறது, அஜ்ஜி. ஆனால் நீங்கள் எப்படி உடுத்துவீர்கள் என்று ஒரு முறை காட்டுங்களேன்" என்றேன். வலியோடு அவர் கை நீட்டவேண்டாம். அவர் சொல்லச் சொல்ல நான் செய்வது என்று முடிவாயிற்று. ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்தோம். 34 நிமிடம் ஓடியது.

அரசிக்கு வேண்டியது கச்செ வைத்துக் கட்டும் புடவை. அஜ்ஜியே அவ்வாறு கட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள் ஒருநாளும் கட்டியதில்லை. அந்த வீட்டில் அந்தக் கட்டை இன்று உடுத்தியிருப்பவள் அந்த மரப்பொம்மை மட்டுமே. ஆகவே நெரிகெ, ஸெரகு, அஞ்சு, கச்செ ஆகிய சொற்கள் ஏவல் வினைகளோடு அந்த வீட்டில் வரிசையாக ஒலிக்கும் ஒரே நேரமும் பொம்மைக்கு உடுத்தும் நேரம்தான். 'நெரிகெ ஹிடி' என்பார். கொசுவம் பிடி என்று பொருள். பிடித்த பின் எங்கே செருகுவது, எந்த விரலை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். தெரியாதவர் கைக்குத் தெரிந்தவர் வாய் கொடுக்கும் சொற்கள் அவை. தானே தனக்குக் கட்டிக்கொள்ளும்போது யாரும் அவற்றைச் சொல்லிக்கொள்வதில்லை.

இதற்குள் ஓர் இலக்கண நுட்பமும் உண்டு. கன்னடத்தில் 'உடு' என்பது சுற்றி உடுப்பதற்கும், 'தொடு' என்பது அணிந்துகொள்வதற்கும் உரியவை. சீரெ உட்டளு, ரவிக்கெ தொட்டளு. இரண்டும் சேர்ந்ததே 'உடிகெ தொடிகெ' என்னும் இணைச்சொல். நம் 'தொடி'யை, அதாவது வளையலை, நினைத்துக்கொள்ளுங்கள். பிறருக்குச் செய்யும்போது உடிஸு, தொடிஸு. பழைய தமிழிலும் தான் உடுப்பதற்கு 'உடு', பிறரை உடுக்கச் செய்வதற்கு 'உடுத்து' என்ற வேறுபாடு இருந்தது. உடுத்தாள், உடுத்தினாள் என்று இறந்தகால வடிவங்களும் வேறு. இன்று இரண்டுக்கும் 'உடுத்து' ஒன்றே. இழந்த வேறுபாட்டைப் பேச்சுத் தமிழ் 'விடு' என்னும் துணைவினையால் மீட்டுக்கொண்டது: கட்டிக்கொள், கட்டிவிடு. 'கட்டிவிடு' என்பதை ஒரு குழந்தை கேட்பது தன்மேல் உடை கட்டப்படும்போது. அதைத் தானே செய்வது எப்போது? பொம்மையிடம்தான். கட்டிவிடப்பட்டவள் கட்டிவிடுபவளாக மாறும் முதல் இடம் பொம்மை.

இதைப் பழமையின் புகழ்ச்சியாக எவரும் வாசிக்க வேண்டா. பட்டத கொம்பெ இணையாகவே வருகிறது. திருமணத்தில்தான் பெண்ணுக்குக் கிடைக்கிறது. கொலுவைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் மட்டுமே அது உண்டு. என் அப்பா வழிப் பாட்டிக்கு மரப்பாச்சி இல்லை. மக்காச்சோளக் கதிர்தான் பொம்மை. பார்பி 1959இல் தனியாக வந்தாள். கென் வந்தது 1961இல். கணவனுக்கு முன்பே அவளுக்கு அலமாரி இருந்தது. புடவை கட்டிய இந்தியப் பார்பியைப் பற்றி இந்தர்பால் கிரேவால் 1999இல் எழுதிய கட்டுரை, நாடு கடந்த சந்தையில் 'இந்தியத்தன்மை' எவ்வாறு உடையாக வந்து சேர்கிறது என்று விரிவாகப் பேசுகிறது. அந்த வினா இன்றும் தீரவில்லை. ஆயினும் மரப்பாச்சியிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஏழு வயதுக் குழந்தை பத்து நொடியில் "நானே" என்று சொல்ல முடிந்ததும் சிறு செய்தியன்று.

தையல் என்றாலே கை அறிவு அழிந்துவிடும் என்றும் சொல்ல இயலாது. 1945 மார்ச்சில், போர் முடியாத நிலையில், பாரிஸ் உடை வடிவமைப்பாளர்கள் தங்கள் வேனிற்கால உடைகளைக் கம்பியால் ஆன பொம்மைகளுக்குத் தைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். 'தேயாத்ர் த லா மோத்' என்பது அக்கண்காட்சியின் பெயர். ஆளுயர உடைக்குத் துணி இல்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ 70 செ.மீ. உயரப் பொம்மைகள். பொத்தான்கள் உண்மையாகவே பூட்டின, கைப்பைகள் திறந்தன. பெரிய உடலுக்குத் துணி கிடைக்காத காலத்தில் ஒரு தொழிலின் கை நுட்பத்தைச் சிறிய உடல்கள் காத்தன. அப்பொம்மைகள் இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் உள்ளன. பெரிய உடல் விட்டுவிட்ட கட்டை அஜ்ஜி வீட்டு அரசி காப்பதும் இதே வேலைதான். ஒன்றில் காக்கப்பட்டது தையல், மற்றதில் கட்டு.

இந்த அளவுகோலில் என் தீர்ப்பு எளிது. உடை அழகா, மலிவா, நீடிக்குமா என்பவற்றோடு, அதை அணிவிக்க எத்தனை சொற்கள் வேண்டும் என்றும் கேட்கிறேன். மேல்கோட்டுக்கு 'போடு', 'கழற்று' இரண்டும் போதும். கவுனுக்குப் பட்டனின் பொருட்டு 'மாட்டு' கூடுகிறது. தைத்த புடவைக்கு 'போடு', 'ஒட்டு'. பெயர் மட்டும் புடவை; அதனோடு வரவேண்டிய கொசுவம், செருகு, முந்தானை, தலைப்பு, மடி எதையும் உதடு சொல்ல வேண்டியதில்லை. அழகுக்கு முழு மதிப்பெண், சொல்லுக்கு ஒன்றுமில்லை.

முதலிடம் தையற்கார அம்மாவின் பாவாடைக்கும் தாவணிக்கும். பாவாடையில் நூல்கனத்துக்கு ஒரு நாடா கோத்திருக்கிறார். அதை முடிச்சிட வேண்டும். தாவணியைச் சுற்றி ஒரு முனையைச் செருக வேண்டும். 'கட்டு', 'போடு' இரண்டும் ஒரே உடையில் இருக்கின்றன. கைகள் உடலோடு ஒட்டிய மரப்பாச்சிக்கு ரவிக்கை ஏறாது. கடையில் வந்த மூன்றும் ஏறா. பாவாடையும் தாவணியும் ஏறும். இரண்டு நூற்றாண்டுப் பொம்மைகளுக்கும் பொருந்திய உடை நான்கில் இது ஒன்றே.

அஜ்ஜி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மகள் அனுப்பிய தொகுதியைத் திருப்பி அனுப்பவில்லை. அரசனுக்குத் தைத்த உடையே என்று வைத்துக்கொண்டார். பேட்டாவும் அதில் அழகாக இருந்தது. அரசிக்கு மட்டும் பழைய பட்டைத் தானே தேர்ந்தெடுத்து எடுத்து வைத்திருக்கிறார். நவராத்திரியில் கை எனதாகவும் சொல் அவருடையதாகவும் இருக்கும். பேத்தி அலைபேசித் திரையில் இருந்து பார்ப்பாள்.

34 நிமிடப் பதிவை எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறேன். கன்னடப் பகுதி ஓரளவு ஆயிற்று. அதன் அருகே வைக்கத் தமிழ் வேண்டும். உங்கள் வீட்டிலோ ஊரிலோ பொம்மைக்குத் துணி கட்டிவிடும்போது சொன்ன சொற்கள், கொசுவத்துக்கு வழங்கும் வேறு பெயர்கள், செருகுமிடத்தின் பெயர், நழுவும் முந்தானையைக் குறிக்கும் வினை, எதுவாயினும் ஊர்ப்பெயருடன் எழுதி அனுப்புங்கள். அம்மாவையோ பாட்டியையோ கேட்க நேர்ந்தால், வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். கையில் ஒரு பொம்மையையும் ஒரு முழத் துணியையும் கொடுத்துவிட்டு, உங்களுக்குக் கட்டத் தெரியாது என்று சொல்லுங்கள். சொற்கள் தாமாக வரும்.